அக்காவின் ஐந்தரைக் கட்டை

புதுப்பட்டினம்
24.11.2024

வேண்டாவுக்கு,

பார்த்திபன் எழுதுவது. நான் நலம். நீயும் அத்தையும் நலமா?

துர்காவின் வருஷத் தெவசம் முடிந்து நான் மானாமதியிலிருந்து வண்டியில் திரும்பும்போது நீ போன் செய்தாய். எடுத்தேன். "அலோ மாமா, வூடு போய்ச் சேந்துட்டீங்களா?" என்று கேட்டாய். நான் பேசாமல் கட் பண்ணிவிட்டேன். மறுபடி மறுபடி கூப்பிட்டாய். எடுக்கவில்லை. தெவசத்தில் ஏதோ குறை, அதனால் எனக்குக் கோபம் என்று நீங்கள் இருவரும் நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை.

கல்யாணமான நாளிலிருந்து உன் அக்கா துர்காவும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அதே "அலோ". முதல் எழுத்தில் அதே இழுப்பு. திருக்கழுக்குன்றம் தாண்டி வண்டியை ஓரங்கட்டி உட்கார்ந்துவிட்டேன். அவள் காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகிறது. நானே கொள்ளி வைத்தேன். எல்லாம் தெரியும். ஆனாலும் ஒரு நொடி, அவள்தான் எங்கே இருக்கிறாய் என்று கேட்கக் கூப்பிடுகிறாள் என்று நம்பிவிட்டேன். அந்த ஒரு நொடிக்குப் பிறகு வந்ததை இன்னொரு தடவை தாங்க மாட்டேன்.

இதுவரை போனில் உன்னோடு பேசியதில்லை, அத்தையோடுதான். நேரில் பேசும்போது இது தெரிந்ததில்லை. உன் முகம் தெரிவதால் இருக்கலாம். ஆகவே இனிமேல் போன் செய்யாதே. என்னிடம் இருப்பது பட்டன் போன், அதில் தமிழ் அடிக்க எனக்கு வராது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுது.

மைக் செட்டை இன்னும் விற்கவில்லை. கச்சேரிக்கும் போவதில்லை. கல்பாக்கத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் எலக்ட்ரிகல் வேலைக்குப் போகிறேன்.

பார்த்திபன்


மானாமதி
2.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டவில்லை. "மாமாவுக்கு வேல ஜாஸ்தியாம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எனக்கு அக்காவின் குரல் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. எனக்குக் குரல் ஒன்று இருக்கிறது என்றே யாரும் சொன்னதில்லை. அக்காவுக்குச் சாமி பேரை வைத்தவர்கள் எனக்கு வேண்டா என்று வைத்தார்கள். அப்போதாவது அடுத்தது பையனாகப் பிறக்குமாம். பிறக்கவே இல்லை. அக்கா கோயில் மேடையில் பாட ஆரம்பித்த காலத்தில் நான் பள்ளிக்கூடப் பிரேயரில் கடைசி வரிசை. ஒருநாள் டீச்சர் பக்கத்தில் வந்து நின்று கேட்டுவிட்டு, "நீ வாய மட்டும் அசைடி, போதும்" என்றார். எனக்கு அது வருத்தமாகக்கூட இல்லை. வீட்டில் பாடுவதற்குத்தான் அவள் இருந்தாளே.

இப்போது ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். ஆடி மாதத்திலிருந்து நான் பாட்டுக் கற்றுக்கொள்கிறேன்.

நான் வேலை செய்யும் திருப்போரூர் மெடிக்கலில் முதலாளி சடையப்பனுக்கு என் மேல் ஒரே குறைதான். "இன்னாமே, எந்த மாத்திரைய எப்ப போடணும்னு எலி மாதிரி சொல்லிகினு கீறே? ஜனங்க தப்பா முழுங்கினா யாரு பதில் சொல்றது?" என்று ஒருநாள் எல்லார் எதிரிலும் கத்தினார். தொண்டைக்கு மிட்டாய் வாங்க வந்த ஒரு பெண் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பேர் ஜெபா. கோவளத்தில் மாதா கோயில் பாடற்குழுவை நடத்துகிறாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். "அக்கா, உங்களுக்குக் கொரல் இல்லாம இல்ல. நீங்க மூச்சே எடுக்க மாட்றீங்க" என்றாள். அந்தச் சனிக்கிழமையே கேளம்பாக்கம் போய்க் கோவளத்துக்குப் பஸ் மாறினேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியவில்லை.

முதல் மாதம் பாட்டே இல்லை. தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு தடித்த பைபிளை வைத்துக்கொண்டு, அது ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் பாடம். தோளைத் தூக்காமல் மூச்சு வயிறு வரைக்கும் போக வேண்டும். பிறகு பாம்பு மாதிரி 'ஸ்ஸ்' என்று அந்த மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். பிறகு குழந்தைகள் வண்டி ஓட்டுவது போல உதட்டை அதிரவிட்டு 'ப்ர்ர்ர்'. பிறகு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா வைத்து, குமிழி விட்டுக்கொண்டே ஊமையாக ஒரு ராகம். அப்படிச் செய்தால் தொண்டை இறுகாதாம். அம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டு, எனக்கு ஏதோ காற்றுச் சேட்டை என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

நீங்கள் கேட்டுக்கொண்டபடி இனி போன் செய்ய மாட்டேன். ஆனால் உங்கள் கடிதம் படித்ததிலிருந்து கடையில் "அலோ" சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

வேண்டா


புதுப்பட்டினம்
15.12.2024

வேண்டாவுக்கு,

சிரிக்கவில்லை. துர்கா இருந்திருந்தால் சிரித்திருப்பாள். அவள் இந்த ஸ்ட்ரா, பைபிள் எதுவும் இல்லாமலே பாடினாள்.

மைக் வைத்தவனாக ஒன்று சொல்கிறேன். அந்தப் பெண்ணிடம் சுருதியை ஐந்தரைக் கட்டையில் வைக்கச் சொல். ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை 'ஸ' என்று வைத்துத் தொடங்குகிறோமோ அதுதான் சுருதி. கட்டை ஏற ஏறக் குரல் உயரத்தில் நிற்கும். உன் அக்கா ஐந்தரை. அதற்குக் கீழே யார் வைத்தாலும் மேடையை விட்டு இறங்கிவிடுவாள். அக்கா தங்கைக்கு ஒரே தொண்டையாகத்தான் இருக்கும். வேறு கட்டையில் கத்தி வீணாக்காதே.

இத்துடன் ஒரு மெமரி கார்டு வைத்திருக்கிறேன். அவளுடைய கச்சேரி எல்லாம் இருக்கிறது. நான் கேட்பதில்லை. நீ கேட்டுப் பழகு.

பார்த்திபன்


மானாமதி
9.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய கார்டைப் போனில் போட்டு, இத்தனை நாளும் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அக்காவையே கேட்டேன். போன வாரம் ஒருநாள் கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அம்மா பின்பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளறையில் ஸ்ட்ரா பாடத்தை முடித்து, சுருதியை ஐந்தரையில் வைத்து, 'ஆ' என்று தொடங்கினேன். மேலே போகும்போது முள்ளில் மாட்டிய துணி மாதிரி கிழிகிற இடம் ஒன்று எனக்கு உண்டு. அன்றைக்குக் கிழியவில்லை. வழுக்கிக்கொண்டு ஏறிவிட்டது. அக்கா கச்சேரியில் முதலில் பாடும் அம்மன் பாட்டு தானாகவே வந்தது. என் வாய்தான் மாமா. ஆனால் யாரோ எனக்குப் பின்னால் நின்று பாடுகிற மாதிரி இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன்.

அம்மா கதவருகில் நின்றிருந்தாள். துணியெல்லாம் தரையில் கிடந்தது.

"துர்கா?" என்றாள். "எப்பம்மா வந்தே?"

"அம்மா, நான்" என்றேன். அந்த "நான்" கூட அவள் குரலில்தான் வந்தது.

அம்மா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, "இன்னொரு வாட்டி பாடு" என்றாள். பாடினேன். அன்றைக்கு அவள் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அக்கா போனதிலிருந்து இப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. இப்போது தினமும் விளக்கு வைத்ததும் பாயை விரித்துவிட்டுக் காத்திருக்கிறாள். தெருப் பெண்களும் வருகிறார்கள். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்கள். என்னை ஒருவரும் பார்ப்பதில்லை.

சனிக்கிழமை ஜெபாவிடம் பாடிக் காட்டினேன். கைதட்டுவாள் என்று நினைத்தேன். முகம் சுளித்தாள். "நல்லாத்தான்க்கா கீது. ஆனா இது யாரு கொரல்?" என்றாள்.

அவள் அக்காவைப் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. நானும் அக்காவைப் பற்றி அவளிடம் சொன்னதில்லை. கண்ணாடியை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். "தாடையப் பாருங்க, கல்லு மாதிரி. கழுத்து நரம்பு கயிறாட்டம் நிக்குது. இன்னொருத்தர் செருப்பப் போட்டுக்கினு ஓடற மாதிரி கீதுக்கா. கால் புண்ணாயிடும்."

 கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

வேண்டா


புதுப்பட்டினம்
20.1.2025

வேண்டாவுக்கு,

காணும் பொங்கலுக்கு மாமல்லபுரத்தில் கூட்டம். லைட் போட லட்சுமணன் கூப்பிட்டிருந்தான். அவன் எங்கள் குழுவில் எனக்கு ஒத்தாசையாக இருந்தவன். போகிறேன் என்று கிளம்பி, வண்டியை மானாமதிக்கு விட்டேன். உங்கள் தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றேன். விளக்கு வைக்கும் நேரம். பாடினாய்.

நான் பத்து வருஷம் அவளுக்கு மைக் வைத்தவன். எந்த இடத்தில் மூச்சு வாங்குவாள், எந்த இடத்தில் மைக்கை வாயை விட்டுத் தள்ளுவாள், எல்லாம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு இடத்திலும் காத்திருந்தேன். ஒவ்வொரு இடத்திலும் அவள் வந்தாள்.

உள்ளே வரவில்லை. வந்தால் உன் முகம் இருக்கும்.

அன்றைக்குப் படுத்தவன் வெயில் வந்த பிறகுதான் எழுந்தேன். அம்மா பயந்துபோய் மூக்கில் கை வைத்துப் பார்த்திருக்கிறாள். அப்படி ஒரு தூக்கம்.

போன் செய்யாதே என்று எழுதியவன் நான்தான். இப்போது செய் என்று கேட்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். நிறையப் பேச வேண்டியதில்லை. "மாமா, சாப்ட்டியா?" என்று கேட்டால் போதும். அவள் 'ங்க' போட மாட்டாள்.

பார்த்திபன்


மானாமதி
8.2.2025

மாமா,

நீங்கள் கேட்டபடி தினமும் செய்தேன். "மாமா, சாப்ட்டியா?" என்றேன். நீங்கள் "ம்" என்பீர்கள். பிறகு உங்கள் பக்கம் வெல்டிங் சத்தம் கேட்கும். ஒருநாள்கூட நீங்கள் என்னைச் சாப்பிட்டாயா என்று திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டா பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

கடைசி நாள் நீங்கள் "துர்கா" என்றீர்கள். மெதுவாகத்தான் சொன்னீர்கள். நான் "ம்" என்றேன். ஏன் சொன்னேன் மாமா? அன்று சாயங்காலம் கடையில் ஒருவர் என் பேரைக் கேட்டார். எனக்கு உடனே வாயில் வரவில்லை.

அதற்கு மறுநாள் காலையில் குரல் உடைந்துவிட்டது. எச்சில் விழுங்கினால் முள். ஜெபா என்னைப் பாட விடவில்லை. செங்கல்பட்டில் ஒரு காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் அவளே கூட்டிப்போனாள். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாண் வீங்கியிருக்கிறது, சில வாரம் வாயே திறக்கக் கூடாது, கிசுகிசுத்தாலும் கெடுதல் என்றார். கடையில் இப்போது மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக் காட்டுகிறேன். இந்தக் கடிதத்தில்தான் நான் பேசுகிறேன்.

நான் ஊமையாக இருக்கும்போதுதான் உங்கள் அம்மா காசியம்மா அத்தை வந்தார். தட்டில் பூ, பழம், மஞ்சள். தெருப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள் போல. "ஆளும் கீது, கொரலும் கீது. எம் புள்ள வூட்ல மறுபடி வெளக்கு எரியட்டும்" என்று அத்தை சொன்னதும், என் அம்மா என் முகத்தைத் தடவிப் பார்த்தாள். தடவியது என் முகத்தை இல்லை. அக்காவுக்கு நெற்றியோரம் ஒரு தழும்பு இருக்குமே, அந்த இடத்தில் விரலை வைத்துத் தேடினாள்.

நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். வெட்கம் என்று சிரித்துவிட்டார்கள்.

மாமா, இது உங்களுக்குத் தெரிந்து நடக்கிறதா? தெரியும் என்றால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் யாரைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறீர்கள்?

வேண்டா


புதுப்பட்டினம்
16.2.2025

வேண்டாவுக்கு,

அம்மா வந்தது எனக்குத் தெரியும். போ என்று நான் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.

யாரை என்று கேட்டிருக்கிறாய். பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீ போன் செய்யாத இந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாசி மகத்தன்று ஊர்ச் சாமிகள் எல்லாம் மாமல்லபுரம் கடலுக்குத் தீர்த்தவாரி வரும் அல்லவா, அங்கே பாட நம் குழுவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் போன பிறகு முதல் கச்சேரி. ஒத்துக்கொண்டேன். துர்காவின் தங்கை பாடுவாள் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அவளுடைய மயில்கழுத்துப் பட்டுப்புடவையை அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அந்த ஒருநாள் மட்டும். அதற்குப் பிறகு நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

பார்த்திபன்


மானாமதி
5.3.2025

மாமாவுக்கு,

டாக்டர் பேசலாம் என்று சொல்லிவிட்டார். வீக்கம் வடிந்துவிட்டது. கத்தாமல் பாடவும் செய்யலாமாம்.

ஜெபா என்னை மறுபடி தரையில் படுக்க வைத்தாள். மறுபடி ஸ்ட்ரா, மறுபடி உதடு. வாயை மூடிக்கொண்டு 'ம்' சொல்லி, மூக்கின் மேல் விரல் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னாள். அக்காவைப் பற்றி இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும். அக்காவின் பாட்டு எதையும் பாடக் கூடாது, அந்தக் கார்டையும் கேட்கக் கூடாது. பிறகு ஒருநாள் திடீரென்று, "அக்கா, பஸ்ல ஒருத்தன் உங்க காலை மிதிச்சிட்டான். இன்னா சொல்லுவீங்க? யோசிக்காம சொல்லுங்க" என்றாள்.

"யோவ், காலுய்யா!" என்றேன்.

அவள் ஓடிப்போய் கீபோர்டில் அந்தச் சத்தத்தைத் தேடினாள். "இதான். இங்கதான் நீங்க கீறீங்க" என்றாள். அங்கிருந்து மேலும் கீழும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கவிட்டாள். தாடையைத் தொங்கவிட்டு, கொட்டாவி விடுகிற மாதிரி தொண்டையைத் திறந்து. என் சுருதி நாலு கட்டை மாமா. ஐந்தரை இல்லை. நாலு.

அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. தடித்த குரல், கொஞ்சம் மணல் கலந்த மாதிரி. ஜெபாவிடமே சொன்னேன். "யாருக்கும் தன் கொரல் மொதல்ல புடிக்காதுக்கா. போட்டோல நம்ம மூஞ்சி புடிக்குதா? தெனம் கேளுங்க" என்றாள்.

மாசி மகத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லிவிட்டீர்கள், குழுவில் எல்லாரும் நம்பியிருப்பார்கள். புடவை அம்மாவின் பீரோவில் இருக்கிறது. அதை நான் கட்ட மாட்டேன். அக்காவாகவும் பாட மாட்டேன். இதை மேடைக்கு வந்து சொன்னால் ஏமாற்றியதாக ஆகும். அதனால் முன்பே எழுதுகிறேன். வேறு ஆளை வைத்துக்கொள்வதென்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

வேண்டா


புதுப்பட்டினம்
6.4.2025

வேண்டாவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம். இந்தத் தடவை நிஜமாகவே கோபம்.

நீ முன்கூட்டியே எழுதியிருந்தாய். நான் நம்பவில்லை. மேடை, கூட்டம், அவளுடைய பாட்டு, அவளுடைய மைக். வந்து நின்றால் அவள் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். கடைக்குக் கட்டிப்போகும் காட்டன் புடவையில் நீ படியேறி வந்தாய். நம் குழுவின் கீபோர்டுப் பையன் அபிஷேக் ஐந்தரை சுருதி கொடுத்தான். நீ மைக்கிலேயே, கூட்டத்துக்கே கேட்கும்படி, "தம்பி, நாலு கட்டை வைப்பா" என்றாய். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டவில்லை. நீ சும்மா நின்றாய். கூட்டம் சலசலத்தது. அப்போதும் சும்மா நின்றாய். கடைசியில் அவன்தான் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுருதியை மாற்றினான்.

நீ தொடங்கினாய். மிக்சரில் நான் வைத்திருந்தது எல்லாம் அவள் குரலுக்கு வைத்தது. அதில் உன் குரல் மூடிய பானைக்குள் பேசுகிற மாதிரி வந்தது. நான் வேண்டுமென்றே சரிசெய்யாமல் இருந்தேன். முன்வரிசையில் ஒருவர், "துர்கா மாதிரி இல்லியேபா" என்று எழுந்து போனார். அவர் பின்னால் இன்னும் சிலர். எங்கள் அம்மா பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டாள். நீ பார்த்தாய். நிறுத்தவில்லை.

நான் பழக்கத்தில் அவள் மூச்சு வாங்கும் இடங்களில் காத்திருந்தேன். முதல் இடம் வந்தது. நீ அங்கே மூச்சு வாங்கவில்லை. அடுத்த இடம். அங்கேயும் இல்லை. நீ வேறெங்கோ, உனக்கு வேண்டிய இடத்தில் மூச்சு எடுத்தாய். அவளுடைய இடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகப் போய்க்கொண்டிருந்தன. என் மனைவி அன்றைக்குத்தான் செத்தாள் வேண்டா.

மிக்சரை லட்சுமணனிடம் விட்டுவிட்டுக் கடலுக்குப் போனேன். சாமிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட்கள் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேளச் சத்தம். அந்தச் சத்தத்துக்குள் யாருக்கும் கேட்காது என்று வாய்விட்டு அழுதேன். அவளை எரித்துவிட்டு வந்தபோதுகூட அப்படி அழவில்லை.

உன் கேள்விக்கு இப்போது பதில் எழுத முடியும். உன்னை இல்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இனி தட்டு எடுத்துக்கொண்டு யாரும் உங்கள் வீட்டுக்கு வர மாட்டார்கள். அத்தைக்கு வருத்தமாக இருக்கும். நீ திட்டு வாங்கினால் என் பேரைச் சொல்.

ஒன்று மட்டும் மைக் வைத்தவனாக எழுதுகிறேன். நான் திரும்பி வரும்போது கடைசிப் பாட்டு. லட்சுமணன் உன் குரலுக்கு எல்லாவற்றையும் மாற்றி வைத்திருந்தான். நீ குரலைக் கீழ் ஸ்வரத்துக்கு இறக்கிய இடத்தில், கூட்டத்தில் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். ஆனால் ஒருவரும் அசையவில்லை. அந்த இடம் துர்காவுக்கு வராது. கீழே போனால் அவளுக்குக் குரல் நிற்காது.

பார்த்திபன்


மானாமதி
16.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

காசியம்மா அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததா? அவரைத் தனியாக விட்டுவிட்டு நீங்கள் வர முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். நேற்று தெவசம் நடந்த விதத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மாசி மகத்துக்குப் பிறகு அம்மா என் பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டாள். சண்டை எல்லாம் இல்லை. நான் சுருதி வைத்ததும் எழுந்து பக்கத்து வீட்டுக்கு டிவி பார்க்கப் போய்விடுவாள். சாப்பாடும் பழையபடி குறைந்துவிட்டது. நான் கோவளம் போவதை நிறுத்தவில்லை. ஆனால் அம்மாவின் தட்டைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு கிழவியின் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்கியவள் நான் என்றுதான் தோன்றும்.

நேற்றுக் காலையில் படையல் போட்டு, அக்காவின் போட்டோவுக்கு மாலை போட்டு முடித்ததும் அம்மா என் கையைப் பிடித்தாள். "ஒரே வாட்டி. அவ மாதிரி. இனிமே கேக்க மாட்டேன்" என்றாள்.

சரி என்றேன். மாமா, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கும் ஆசைதான். ஒரே தடவை அவளைக் கேட்க வேண்டும் போல இருந்தது. ஐந்தரையில் சுருதி வைத்தேன். அந்த அம்மன் பாட்டை எடுத்தேன்.

மேலே போனேன். கிழியவில்லை. மூச்சு இருந்தது, தாடை தளர்ந்திருந்தது, ஜெபா சொல்லிக்கொடுத்தது எல்லாம் சரியாக நடந்தது. அந்த உயரத்துக்குப் போக எனக்கு இப்போது வழி தெரிகிறது. ஆனால் அங்கே அவள் இல்லை. கழுத்தை இறுக்கிப் பார்த்தேன். தாடையைக் கல்லாக்கிப் பார்த்தேன். "அலோ மாமா" என்று பேசிக்கூடப் பார்த்தேன். எதைச் செய்தாலும் நான்தான் வந்தேன்.

பாதிப் பாட்டில் நின்றுவிட்டேன். அக்கா செத்த அன்று நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன், உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். அழவில்லை. அதற்குப் பிறகு அவள் என் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டாள். அழ வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. நேற்றுத்தான் எங்கே தேடியும் அவள் இல்லை என்று தெரிந்தது. போட்டோவுக்கு முன்னால் விழுந்து கத்தினேன். தெருவே வந்துவிட்டது.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள். "அழுடி வேண்டா. வாய்விட்டு அழு" என்றாள். பிறகு அவளே ஒப்பாரி எடுத்தாள். மகளே என்று தொடங்கி, காய்ச்சல் வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி இழுத்தாள். அம்மா பாடி நான் கேட்டதே இல்லை மாமா. தடித்த குரல். மணல் கலந்த மாதிரி. அவள் இழுத்த இழுப்பைப் பிடித்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். இரண்டு குரலும் ஒட்டிக்கொண்டு, எது அம்மா எது நான் என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அது நாலு கட்டை.

முடிந்ததும் அம்மா முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள், சின்னப் பிள்ளைக்குத் துடைப்பது போல. படையல் சோறு ஆறிப்போயிருந்தது. காக்கைக்கு ஒரு பிடி வைத்துவிட்டு, மீதியை இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிட்டோம்.

வேண்டா